முழங்கால் ஓய்ந்தது, விரல் ஓயவில்லை

கேள்வி: எனக்கு 37 வயது. ஆறு வயதில் பரதம் கற்கத் தொடங்கினேன். பதினான்கில் அரங்கேற்றம். திருமணத்துக்குப் பிறகும் வருடத்துக்கு மூன்று நான்கு கோயில் நிகழ்ச்சிகளாவது ஆடிவந்தேன். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, மாலையில் வீட்டு மாடியில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வகுப்பு. ஒன்றரை வருடமாக வலது முழங்காலில் வலி. ஸ்கேன் பார்த்த மருத்துவர், குருத்தெலும்பு தேயத் தொடங்கியிருக்கிறது, ஆடுவதை நிறுத்திவிடுங்கள் என்றார். நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. வலி பாதி குறைந்துவிட்டது. ஆனால் வேறு யாருடைய உடம்பிலோ குடியிருப்பதுபோல் இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் விரல்கள் தாமாக முத்திரை பிடிக்கின்றன. அலுவலகத்தில் ‘டான்ஸ் மேடம்’ என்று கூப்பிட்டால், இல்லாத பட்டத்தைப் போட்டுக்கொண்டதுபோல் கூசுகிறது. சண்டை வந்தால் கணவர், ‘போதும், அபிநயம் பிடிக்காதே’ என்கிறார். முன்பு சிரித்துவிடுவேன், இப்போது அழுகை வருகிறது. பதினோரு வயது மகள் நாட்டியம் வேண்டாம், பூப்பந்துதான் வேண்டும் என்கிறாள். மறுபடி ஆட முடியுமா? ஆடாத நான் யார்?

– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

‘ஆடாத நான் யார்’ என்ற கேள்வி ஒரு பிசியோதெரபிஸ்டின் மேசைக்கு வந்தால், அவள் முதலில் முழங்காலைத்தான் பார்ப்பாள். பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த வழியாகவே உங்கள் கேள்விக்கு வந்துவிடலாம்.

இருபத்தாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதற்குமுன் பன்னிரண்டு வருடம் நாட்டியம் கற்றேன். கச்சேரியின் நடுவில் வரும் நீண்ட உருப்படியான வர்ணம் வரை வந்து நின்றுபோனவள். அதனால் ஆடுகிறவர்கள் என் அறைக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். உட்காரும்போது கையை ஊன்ற மாட்டார்கள். சும்மா நின்றாலும் பாதங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். வலி எங்கே என்று கேட்டால் மற்றவர்கள் உள்ளங்கையால் முழங்காலைப் பொத்திக் காட்டுவார்கள். இவர்களோ கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேரும் ஹம்ஸாஸ்ய முத்திரை பிடித்து, பொட்டு வைப்பதுபோல அந்த ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுவார்கள். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆனால் எவ்வளவு வலி என்று கேட்டால் பொய் சொல்வார்கள். தெரிந்து சொல்லும் பொய் இல்லை. பாதத்தில் முள் ஏறினாலும் கடைசி உருப்படியான தில்லானா முடியும்வரை முகத்தில் தெரியக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள். பத்துக்கு எத்தனை என்றால், சிரித்துக்கொண்டே ‘மூன்று இருக்கும்’ என்பார்கள். ஆகவே நான் வேறு விதமாகக் கேட்பேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எந்தக் காலை முதலில் கீழே வைக்கிறீர்கள்? வலிக்கிற கால்தான் முதலில் இறங்கும். மடங்கி உடம்பின் பாரத்தைத் தாங்கும் வேலையை அது நல்ல காலின் தலையில் கட்டிவிடும். முகம் எவ்வளவு நடித்தாலும் படிக்கட்டில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடிதத்தைப் படித்துவிட்டு முழங்காலுக்கு வைத்தியம் சொன்னால் அது சோதிடம். நேரில் ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அரைமண்டியில், அதாவது பாதங்களை வெளியே திருப்பி முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் நிலையில், கால் திரும்ப வேண்டிய இடம் இடுப்பு. தொடையெலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்துக்குள் வெளிப்பக்கமாகச் சுழன்றால், முழங்காலும் பாதமும் தாமாக ஒரே திசைக்குப் போகும். அந்தக் கிண்ணம் எல்லோருக்கும் ஒரே அளவாக வாய்ப்பதில்லை. இடுப்பு திரும்பாத பிள்ளையிடம் ‘இன்னும் திருப்பு, இன்னும் உட்கார்’ என்று சொன்னால், பிள்ளை பாவம், பாதத்தை மட்டும் திருப்பிக் காட்டி டீச்சரைத் திருப்திப்படுத்திவிடும். இடையில் மாட்டிக்கொண்டு முறுக்கிக்கொள்வது முழங்கால். இதோடு சிமெண்ட் தரையில் ஒட்டிய டைல்ஸின் மேல் வருடக்கணக்காகப் பாதத்தை ஓங்கித் தட்டும் தட்டடவு. கோயில் கருங்கல் தளத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை; தெய்வக் குற்றம் ஆகிவிடும்.

இன்றிரவு கண்ணாடி முன் நின்று, பாதி அளவுக்கு மட்டும் அரைமண்டியில் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் சில்லு எங்கே பார்க்கிறது? கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேர்கோட்டில் இருந்தால் நல்லது. பாதம் வெளியே பார்க்க, சில்லு உள்ளே சரிந்தால் உங்கள் வலியின் முகவரி அங்கே இருக்கலாம். அப்படியானால் பாதத்தின் திருப்பத்தைக் குறையுங்கள். அழகு குறையும், குறையட்டும்.

ஆடாதீர்கள் என்ற மருத்துவரை நான் குறை சொல்லப் போவதில்லை. அவருக்கு ஆட்டம் என்பது ஒரே வேலை; நமக்கு அது நூறு வேலை. கைப்பேசியில் உங்கள் மாணவி ஒருத்தியை வைத்து மூன்று துண்டுகள் படம் பிடியுங்கள்: துரித காலத்தில் தட்டடவு, முழுக்க உட்காரும் முழுமண்டியிலிருந்து எழுவது, பதம் என்னும் நிதானமான பாடலுக்கு நின்றபடி அபிநயம். அதை அவரிடம் காட்டி, இவற்றில் எது கூடாது என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றாவதைப் பார்த்துவிட்டு, ‘இதற்கென்ன, தாராளமாகச் செய்யலாமே’ என்று சொன்ன எலும்பு மருத்துவர்களை எனக்குத் தெரியும். ஸ்கேன் படத்தைப் பார்த்தும் மிரள வேண்டாம். வலியே இல்லாதவர்களின் முழங்காலைப் படம் எடுத்தாலும் தேய்மானம் தெரிவதுண்டு. ஆனால் முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டால், வீங்கினால், நடக்கும்போது கைவிட்டுவிட்டால், இரவில் வலித்து எழுப்பினால், இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

அவர் சம்மதித்த பிறகு: முழுமண்டியை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் மெதுவாக உட்கார்ந்து எழுவதும், ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கி இறக்குவதும் தொடைக்கும் இடுப்புக்கும் பலம் தரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். பாதி மண்டியில், ரப்பர் விரிப்பின் மேல், ஓங்கி அறையாமல் பத்து நிமிடம் அடவு. மறுநாள் காலை முழங்காலைக் கேளுங்கள். முந்தின நாளைவிட அதிகமாக முனகினால் பத்து நிமிடத்தை ஐந்தாக்குங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் பன்னிரண்டாக்கலாம். மேடையில் முழுக் கச்சேரி திரும்புமா என்று இப்போதே கேட்காதீர்கள். அது எனக்கும் தெரியாது, முழங்காலுக்கும் தெரியாது. உறவினர் யாராவது சுதா சந்திரனை உதாரணம் காட்டுவார்கள். 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் வலது காலை இழந்து, ஜெய்ப்பூர் காலுடன் மீண்டும் மேடையேறியவர் அவர். அந்த மன உறுதியை வணங்கலாம். அதை அளவுகோலாக்கி உங்கள் முழங்காலை அடிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்வி.

பல வருடங்களுக்கு முன் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் இலை முன் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். எதிர் வரிசையில் இருந்த பாட்டி ஒருவர், சாம்பாரைக்கூடக் கவனிக்காமல் கேட்டார்: ‘உனக்கு வாத்தியார் யார்?’ நீ நாட்டியம் கற்றவளா என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்கு நான் உட்கார்ந்த விதத்திலேயே முடிந்துபோன விஷயம். அடுத்த கேள்வியிலிருந்துதான் அவர் பேச்சையே தொடங்கினார். நான் ஆட்டத்தை விட்டு அப்போது பதினோரு வருடம்.

இந்த உலகத்தில் ஒருவரை அடையாளம் காண்பது அப்படித்தான். எந்தப் பாணி: பந்தநல்லூரா, வழுவூரா, கலாக்ஷேத்திராவா? யாரிடம் கற்றீர்கள்? எத்தனை மேடை ஏறினீர்கள் என்பது மிகவும் பின்னால் வரும். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், பரதக் கச்சேரியின் வரிசையை வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தவர். திருநங்கை என்பதற்காக உலகம் எத்தனையோ பெயர் வைத்துக் கூப்பிட்ட ஒருவருக்கு, ‘நர்த்தகி’ என்று பெயர் வைத்தவர் அந்தக் குரு. 2019இல் பத்மஸ்ரீ விருது வந்ததும் அந்தப் பெயருக்குத்தான். ஆடுகிறவர் என்ற அடையாளத்தை நாமாக எடுத்துக்கொள்வதைவிட, நம்மைத் திருத்திய ஒருவர் கொடுத்து வாங்கிக்கொள்வதுதான் அதிகம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தபிறகு எனக்குத் தோன்றியதும் இதுதான். ஆறு வயது முதல் யாராவது உங்களைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முழங்கையை இறக்காதே. தோளை ஏற்றாதே. கை அங்கே போகிறது, கண் எங்கே போகிறது? டீச்சர் இல்லாத நேரத்தில் கண்ணாடி, கண்ணாடி இல்லாத நேரத்தில் சபை. முப்பது வருடம் இப்படி வளர்ந்த உடம்பு, தன்னைப் பார்க்கும் ஒரு கண் இருந்தால்தான் தான் இருப்பதாகவே நம்பும். எட்டு மாதமாக உங்களை யாரும் திருத்தவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள் உங்களைப் பார்க்கிறார்கள்தான். ஆனால் அவர்கள் பார்ப்பது டீச்சரை. தோள் ஏறியிருக்கிறதா என்று அவர்களா சொல்லப்போகிறார்கள்? உங்களுக்குப் பசி மேடைமேல் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ, திருத்தும் ஒரு குரல்மேல் என்று படுகிறது.

ஆகவே மறுபடி மாணவியாகப் போங்கள். பழைய டீச்சர் இருந்தால் அவரிடமே. வாரத்துக்கு ஒரு நாள், முழங்காலுக்கு வேலை வைக்காத இரண்டு பாடங்கள்: பதம், தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம். தாளத்தைக் கையில் எடுங்கள். நட்டுவனார் மேடையின் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர். நிகழ்ச்சி முழுக்க அவருடைய சொல்லில்தான் நடக்கும். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியை ஆட்டிவைத்த நட்டுவனார் கந்தப்ப பிள்ளையைப் பார்த்து, நீங்கள் ஆடவில்லையே, நீங்கள் யார் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாலசரஸ்வதி 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். அவருடைய வீட்டில் பாட்டி வீணை தனம்மாள், தாய் ஜெயம்மாள் பாடகி. 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது, கச்சேரியின் வரிசையைக் கோயிலுக்குள் போவதோடு ஒப்பிட்டார். தொடக்க உருப்படியான அலாரிப்பு கோபுர வாசல், அடுத்தடுத்து மண்டபங்கள், அப்புறம் வர்ணம். கோயிலின் ஆரவாரமெல்லாம் அடங்கிக் கருவறைக்குள் நுழையும் அந்த நிசப்தம்தான் பதம். நீங்களும் நானும் முழங்கால் ஓடிய நாட்களில் கோபுர வாசலிலேயே நிறையக் குதித்துவிட்டோம். உள்ளே போக உங்களுக்கு இப்போது நேரம் கிடைத்திருக்கிறது. உடம்பு பெருத்து வயது கூடிய பிறகும் பாலசரஸ்வதியின் பதங்களுக்குச் சபை அசையாமல் இருந்ததை நேரில் கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எழுபது தாண்டிய ஓர் அம்மாள், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். முதலில் வாக்கர், அடுத்து அடிபட்ட கால், அடுத்து நல்ல கால். மூன்று எண்ணிக்கை. நான் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிக்கொண்டே கூட நடந்தேன். இரண்டாம் நாள் அவர் என் எண்ணிக்கையைக் கையமர்த்திவிட்டு, வாய்க்குள் ‘தகிட, தகிட’ என்றபடி நடந்தார். மூன்றாம் நாள் வராந்தாவின் கோடியில் திரும்பும்போது அடவுகளை முடிக்கும் தாள முத்தாய்ப்பான ஒரு தீர்மானம் வைத்துத் திரும்பினார். வாக்கரோடுதான். நான் கேட்டேன்: ‘அம்மா, யாரிடம் கற்றீர்கள்?’ அவர் பக்கத்தில் நின்ற மகனை ஒரு பார்வை பார்த்தார். ‘சும்மா, எங்கேயோ கேட்டதுதான்’ என்றார். மகன் மருந்து வாங்கப் போனபிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: ‘பதினாறு வயது வரை ஆடினேன். அப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.’

ஏன் கிடையாது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். அவர் பதினாறைத் தொட்ட காலத்தில் நாட்டியம் மயிலாப்பூர் அடையாறு வீட்டுப் பெண்களுக்கு மதிப்பான கலையாகிக்கொண்டிருந்தது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரா நாட்டியப் பள்ளியைத் தொடங்கியாகிவிட்டது. அதே காலத்தில், தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த தேவதாசிக் குடும்பங்களில் ஆடுகிறவள் என்ற பெயர் மறைக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. 1947இல் தேவதாசி முறைத் தடைச் சட்டம் வந்தது. தேவையான சட்டம். அதனால் மூடிய கதவுகளுக்குப் பின்னால் எத்தனை சலங்கைகள் பரண்மேல் ஏறின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. உங்களை ‘டான்ஸ் மேடம்’ என்று ஊரறியக் கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாளுக்கு அந்தப் பெயர் மகன் காதில்கூட விழக் கூடாது. அவருடைய கால் மட்டும் ஐம்பத்தைந்து வருடம் அந்த மூன்றெண்ணிக்கை நடையான திஸ்ரத்தை மறக்காமல் வைத்திருந்தது. ஆகவே அந்த அழைப்புக்குக் கூச வேண்டாம். ஓய்வு பெற்று இருபது வருடமான தலைமையாசிரியரை ஊர் இன்னும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் முதல் ஆள் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி கடிதம் எழுதி அனுப்புகிறாள். கோவலன் அதை வாங்கக்கூட மறுத்து, அவள் காட்டிய அன்பையெல்லாம் ஒவ்வொன்றாக ஒரு நடிப்பு என்று பட்டியலிட்டு, ஆடல் மகள்தானே, அவளுக்கு இதெல்லாம் பொருந்தும் என்கிறான். ஏழு வருடம் பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறி, தேர்ந்த ஆடல் மகளிருக்குத் தரும் தலைக்கோல் பட்டம் வாங்கியவள். அந்தத் தேர்ச்சியே அவளுடைய கண்ணீருக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டது. உங்களுக்கும் வலிப்பது அங்கேதான். முன்பு ஆடிக்கொண்டிருந்தபோது அது கேலி. ஆட்டம் போனபிறகு அபிநயம் என்று சொன்னால், இருப்பதையும் பொய் என்பதுபோல் இருக்கிறது. சண்டை இல்லாத ஒரு நாள், காபி குடிக்கும் நேரத்தில், இதை இப்படியே அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் கேளுங்கள். நம்முடைய புருவம் கடைசி வரிசைக்குத் தெரியும்படி பழகியது. சாப்பாட்டு மேசையில் இரண்டடி தூரத்தில் அது எழும்போது, எதிரில் இருப்பவர் தலையில் இடி இறங்குகிறது. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லி எனக்குப் புரியப் பத்து வருடம் ஆனது. கோபம் வந்தால் இப்போது பாத்திரம் துலக்கப் போய்விடுகிறேன், முதுகைக் காட்டிக்கொண்டு பேச வசதி.

மகள் பூப்பந்து ஆடட்டும். முன்னால் பாய்ந்து காலை மடக்கும் விளையாட்டு அது. நல்ல காலணி வாங்கிக்கொடுங்கள்.

ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். டீச்சர் என்ன திருத்தினார் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். கூடவே, பஸ்ஸிலிருந்து எந்தக் காலை முதலில் வைத்து இறங்குகிறீர்கள் என்பதையும்.